பேசினால் வலி போகுமா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்ததும் எனக்கே கிடைத்த மாதிரி இருந்தது. நான் கேட்டதாக அவளிடம் சொல்.

கழுத்து வலியைப் பற்றி எழுதிவிட்டு, "டாக்டர் கவுன்சலிங் போகச் சொல்கிறார். அப்படியென்றால் என் வலி பொய் என்கிறாரா?" என்று கேட்டிருந்தாயே, அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். ஏழு வருஷ முதுகு வலிக்குப் பிறகு எனக்கும் இதையே சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் வாய்விட்டுக் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அழுதேன். எட்டு மாதம் அது பையிலேயே கிடந்தது.

பொய் இல்லை செல்வி. அடிபட்ட இடத்திலிருந்து கிளம்பும் செய்தி அப்படியே மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், தண்டுவடத்திலேயே அதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கதவு மாதிரி ஏற்பாடு இருக்கிறது, மூளையிலிருந்து இறங்கி வரும் செய்தியும் அந்தக் கதவை ஆட்டும் என்று எழுதினார்கள். விவரங்கள் பிற்பாடு நிறைய மாறினாலும் அடிப்படை நின்றுவிட்டது. பயம், கவலை, தூக்கமில்லாத ராத்திரி எல்லாம் வலியைக் கூட்டுகின்றன. மூன்று மாதத்தைத் தாண்டி வலி நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். அப்படி நீடிக்கும்போது பலருக்கு நரம்பு மண்டலமே கூர்மையாகி, லேசாகத் தொட்டாலும் வலிக்கிறது. வலியை ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020-இல் வலிக்கான விளக்கத்தைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

நான் முதலில் போன இடம் சரியாக வரவில்லை. "நல்லதையே நினையுங்கள்" என்று இரண்டு முறையும் சொன்னார்கள். அதற்கு மேல் போகவில்லை. உனக்கும் அப்படி வாய்த்தால் கவுன்சலிங்கே வேண்டாம் என்று விட்டுவிடாதே, ஆளை மாற்று. நாள்பட்ட வலி உள்ளவர்களோடு பழகியவரா என்று முதலிலேயே கேட்டுக்கொள். இரண்டாவதாக நான் பார்க்கப் போன கவுன்சலர் அம்மா, முதல் நாளே டாக்டர் என்னென்ன பார்த்திருக்கிறார், என்ன மாத்திரை ஓடுகிறது, காலில் மரத்துப்போவது உண்டா என்றெல்லாம் விசாரித்தார். எந்த மாத்திரையையும் நிறுத்தச் சொல்லவில்லை.

நாலாவது வாரம் என்று நினைக்கிறேன். வீட்டில் எல்லாரும் கூடியிருந்த ஒரு சாயங்காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பி பையன் ஏதோ சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "ஏன் அடக்கினீர்கள்?" என்று கேட்டார். பதில் சொல்ல ரொம்ப நேரம் ஆனது. சிரித்தால் வலி இல்லை என்று நினைத்துவிடுவார்களே என்று பயந்திருக்கிறேன்! ஏழு வருஷமாக என் முகத்தை நானே காவல் காத்திருக்கிறேன். ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியாததால், முகத்தைத் தவிர என்னிடம் வேறு அத்தாட்சி இல்லை என்று நினைத்திருக்கிறேன். அதைச் சொல்லி முடித்ததும் தோளில் இருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அந்த அறையில் நான் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாரம் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நீ சிரிக்கிறதைப் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

மற்றதெல்லாம் வெறும் பழக்கம்தான், ஆனால் பெரிய உபகாரம். வலி குறைவாக இருக்கும் நாளில் விட்டுப்போன வேலையையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடப்பேன். நீயும் அப்படித்தானே? எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் வலி ஏறுகிறது என்று மூன்று நாள் குறித்துப் பார்க்கச் சொன்னார். 12 நிமிஷம், 25, 18. சராசரி 18. அதற்குக் கொஞ்சம் கீழே, 15 நிமிஷத்தில் ஆரம்பிக்கச் சொன்னார். நல்ல நாளானாலும் கெட்ட நாளானாலும் 15 ஆனதும் எழுந்துவிட வேண்டும். நல்ல நாளில் எழுந்திருப்பதுதான் கஷ்டம். பாதி மடித்த போர்வையை அப்படியே வைத்துவிட்டு எழ எனக்கு மனசே வராது. இப்போது 35 நிமிஷத்துக்கு வந்திருக்கிறேன், ஆறு மாதத்தில்.

இன்னொன்று, நோட்டு. வலி குத்தும்போது மனதில் ஓடுவதை அப்படியே எழுத வேண்டும். என் முதல் பக்கத்தில், "முடிந்தது, இனி படுக்கைதான்" என்று இருக்கிறது. அதற்குக் கீழே, இதற்கு முன் எத்தனை முறை இப்படி நினைத்தேன், மறுநாள் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் எழுந்துதான் இருக்கிறேன்.

வலி போய்விட்டதா என்று கேட்பாய். போகவில்லை. முன்பு என் வலிக்குப் பத்துக்கு ஏழு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது பெரும்பாலும் ஆறு. சில நாள் பழையபடி ஏழு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், இந்த மாதிரி சிகிச்சையால் வலியிலும் மனவேதனையிலும் கிடைக்கும் பலன் சிறியதுதான் என்றே சொன்னது. அதை மறைத்து உன்னை அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. ஆனால் ஆறோடு நான் நடக்கப் போகிறேன், படிக்கிறேன், ராத்திரி தூங்குகிறேன். அந்தச் சிறிய பலனுக்காகத்தான் உன்னைப் போகச் சொல்கிறேன்.

முதல் நாள் என்ன பேசுவது என்று தயங்காதே. எனக்கு எழுதியதை அங்கேயும் கேள். "என் வலி பொய் என்று நினைக்கிறீர்களா?" என்று நேராகவே கேள். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதை வைத்தே ஆள் சரிதானா என்று உனக்குத் தெரிந்துவிடும். போய்விட்டு வந்து எனக்கு எழுது. முடியவில்லை என்றால் போன் போடு, எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவையாக உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். அலாரம் அடிக்கிறது, எழுந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
மாலா