ஈரோட்டில் அறை கிடைத்துவிட்டது

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் லாரன்ஸ்,

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவின் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. மகள் ஏ.எல். எழுதி முடித்துவிட்டாள். கச்சான் காற்று வீட்டுக்குள் மண்ணை அள்ளிக் கொட்டுகிறது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

இனி விஷயம். ஆகஸ்டில் லயன்-முத்து காமிக்ஸ் வாசகர் சந்திப்புக்குப் போகிறோமே, அதற்கு ஈரோட்டில் அறை கிடைத்துவிட்டது மச்சான்! மூன்று பேருக்கும், மூன்று இரவுக்கும், பாஸ்போர்ட்டைக் காட்டி நேராக உள்ளே போகக்கூடிய அறை. போனில் சொன்னால் "சரி சரி" என்று பாதியில் வைத்துவிடுவாய். இதில் நீ செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, ஆறுதலாக வாசித்துவிட்டுச் செய்.

லண்டனில் இருந்துகொண்டு ஏதோ ஆப்பில் ஈரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லொட்ஜ் போட்டேன், மலிவு, படமும் வடிவாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த லொட்ஜில் உன்னை விடமாட்டார்கள். நீ பிரிட்டிஷ் பாஸ்போர்ட், நானும் ரவியும் இலங்கை. இந்தியாவில் வெளிநாட்டுக்காரன் ஒருவன் தங்கினால், அவன் விபரத்தை 24 மணி நேரத்துக்குள் லொட்ஜ்காரர் அரசாங்கத்தின் இணையத்தில் பதியவேண்டும். 'சி' படிவம் என்று அங்கே சொல்கிறார்கள். பெரிய ஹோட்டல்களுக்கு அது தினசரி வேலை. சின்ன லொட்ஜ்களில் பலரிடம் அந்தக் கணக்கே இல்லை, இருந்தாலும் தொல்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆப்புக்கு இதெல்லாம் தெரியாது. காசை வாங்கிக்கொண்டு டிக் போட்டுவிடும். நீ நடுச்சாமத்தில் பெட்டியோடு கவுண்டரில் நிற்கும்போதுதான், "சார், ஃபாரினர் எடுக்கிறதில்லைங்க" என்பார்கள்.

இது நான் ஊகித்துச் சொல்வதில்லை. ஒரு பின்னேரம் முழுக்க இருந்து ஒவ்வொரு லொட்ஜாக போன் போட்டேன். எல்லா இடத்திலும் ஒரே கதை. "ரூம் இருக்குங்களா?" என்றால் "இருக்குங்க சார், எத்தனை பேரு?" என்று அவ்வளவு பாசமாகக் கேட்கிறார்கள். "மூன்று பேர், இலங்கையிலிருந்து வருகிறோம்" என்றதும் அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமில்லை. பிறகு, "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேங்க." அதோடு சரி. ஒருவரும் திருப்பி எடுக்கவில்லை.

மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது மச்சான். அவர் பேசுகிறதும் தமிழ், நான் பேசுகிறதும் தமிழ். சின்ன வயதிலிருந்து சிவகாசியில் அச்சடித்த காமிக்ஸ் தமிழைத்தானே வரிக்கு வரி பாடமாக்கி வளர்ந்தோம்? ஊர்ப் பெயரைச் சொன்னதும் குரல் மாறுகிறதே என்று அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அந்தக் கவுண்டர் பெடியனில் எனக்குக் கோபமில்லை. படிவத்தில் பிழை வந்தால் பொலிஸ் வந்து கேட்பது அவனைத்தானே.

போதாக்குறைக்கு அந்த நேரம் ஈரோட்டில் அறைக்கே தட்டுப்பாடு. ஆகஸ்ட் தொடக்கம் புத்தகத் திருவிழா. ஆடி 18க்குப் பவானி கூடுதுறையில் நீராட வருகிற சனம் வேறு. திங்கள் இரவானால் ஜவுளிச் சந்தைக்கு வெளியூர் வியாபாரிகள் வந்துவிடுவார்கள். அதனால் வெள்ளி, சனி, ஞாயிறு தங்கிவிட்டுத் திங்கள் காலையே திருச்சிக்குத் திரும்புகிற மாதிரித் திட்டம் போட்டிருக்கிறேன். வாசகர் சந்திப்பு சனிக்கிழமை. ஞாயிறு முழுக்க லயன்-முத்து ஸ்டாலில் நிற்கலாம், உன் தம்பி தங்கச்சிகளுக்கும் வாங்கலாம்.

சரி, அறை எப்படிக் கிடைத்தது என்று கேள். வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறாரே கோயம்புத்தூர் அண்ணன், காமிக்ஸ் ஹீரோக்களில் 'ஸ்பைடரா ஆர்ச்சியா' என்று உன்னோடு விடியும்வரை சண்டை பிடித்தவர், அவரிடம் நிலைமையைச் சொன்னேன். "வாங்க தம்பி, ரூம் என் பொறுப்பு" என்றார். அடுத்த நாளே குரூப்பில் ஒரு பட்டியல் போட்டுவிட்டார். சந்திப்புக்கு வருகிறவர்களுக்குள் பெரிய பண்டமாற்றே நடக்கிறது மச்சான், நீ குரூப்பை மியூட் பண்ணி வைத்திருப்பதால் உனக்குத் தெரியாது. ஒருவருக்கு வெள்ளி இரவு வேண்டாம், இன்னொருவருக்கு வெள்ளி மட்டும் வேண்டும். ஒருவர் நாலு கட்டில் அறை எடுத்துவிட்டு இரண்டு பேரைத் தேடுகிறார். இன்னொருவர் குறட்டை விடாதவர்தான் வேண்டும் என்கிறார். அதைப் படித்ததும் உன் ஞாபகம் வந்தது. கொடுத்த காசுக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டவர் யாரும் இல்லை, அதுதான் எனக்குப் பெரிய விஷயம். புத்தகம் மாற்றிப் படித்துப் பழகிய கூட்டம், அறையையும் அப்படியே மாற்றிக்கொள்கிறது.

அதில் மதுரையிலிருந்து ஒரு தகப்பனும் மகனும். பெருந்துறை ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் மூன்று இரவுக்கு அறை போட்டிருக்கிறார்கள். ஜவுளி வாங்க வெளிநாட்டுக்காரர் வந்து தங்குகிற இடம், பாஸ்போர்ட் அவர்களுக்குப் பழக்கம். வாடகைதான் அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மலிவாக, பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒன்று கிடைத்தால் மாற்றிக்கொள்கிறோம் என்று கேட்டிருந்தார்கள். உன் லொட்ஜ் அப்படியே பொருந்துகிறது. அவர்களிடம் ஆதார் அட்டை இருக்கிறது, அந்த லொட்ஜில் அவர்களை ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

நான் கை வைக்கும்முன் ரவியின் கால் நிலைமையை யோசித்தேன். லிப்ட் இருக்கிறது என்று ஹோட்டல்காரர் சொன்னால் போதுமா? கோயம்புத்தூர் அண்ணன் வேறு வேலையாக ஈரோடு போனபோது அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். மனுசன் படம் படமாக அனுப்பியிருக்கிறார். வாசலில் ஆறு படி, வலப்பக்கம் பிடித்து ஏற இரும்புக் கம்பி. லிப்ட் தரை மாடியிலிருந்தே போகிறது. குளியலறைக் கதவடியில் ஒரு கட்டு, அதன் உயரம் தெரியவேண்டுமென்று பக்கத்தில் ஒரு இரும்புக்கை மாயாவி காமிக்ஸ் மறுபதிப்பை நிமிர்த்தி வைத்துப் படம் எடுத்திருக்கிறார். புத்தகத்தில் பாதி உயரம்கூட இல்லை. உள்ளே கொமோட் இருக்கிறது, தரை வழுக்காத கல். படத்தை ரவிக்கு அனுப்பினேன். தம்பிலுவிலிலிருந்து உடனே போன். குளியலறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, "அது எந்தக் கதை? அட்டை புதுசாக இருக்கு" என்கிறான்!

அவன் வருகிறான் என்பதே எனக்கு இன்னும் நம்பமுடியாமல் இருக்கிறது. இத்தனை வருடம் கல்யாண வீட்டுக்குக்கூட வராதவன். 1984இல் லயன் காமிக்ஸ் வந்தபோது நாங்கள் மூன்று பேரும் காசு சேர்த்து வாங்கி, முதலில் யார் படிப்பது என்று சீட்டுக் குலுக்கினோம். சேர்த்ததெல்லாம் 2004 டிசம்பர் சுனாமியில் நாவலடியில் உன் வீட்டோடு போய்விட்டது. பெட்டியைத் தன் வீட்டில் வைத்திருந்தால் மிஞ்சியிருக்கும் என்று அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். நீ அந்தப் பெட்டியைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை, உன்னிடம் அன்றைக்குப் போனது பெட்டி மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் கேட்டதில்லை. ஈரோட்டில் மூன்று பேரும் ஒரே அறையில் இருப்போம். கதைக்கவேண்டும் என்று தோன்றினால் கதை, இல்லாவிட்டால் மாயாவியைப் பற்றிக் கதைப்போம்.

இப்போது உன் வேலை. உன் அறையைச் சும்மா ரத்து செய்துவிடாதே. ரத்து செய்த நொடியே அது பொதுவில் விற்பனைக்கு வந்துவிடும், புத்தகத் திருவிழா நேரத்தில் யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். முதலில் அந்த ஆப்பில் விருந்தினர் பெயரை மாற்ற விடுகிறதா என்று பார். விட்டால் மதுரைக்காரரின் பெயரைப் போட்டு, லொட்ஜுக்கும் அவரையே ஒருமுறை கேட்கச் சொல்வோம், வேலை சுலபம். விடாவிட்டால், கட்டணமில்லாமல் ரத்து செய்யக் கடைசி நாள் எது என்று பார்த்து, அதற்கு முன் ஒரு நாளை எனக்குச் சொல். லண்டனில் இரவு பன்னிரண்டரை, இந்தியாவில் விடிய ஐந்து மணி. அந்த நேரத்தில் யாரும் அறை தேடமாட்டார்கள். மதுரைக்காரர் போனைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார். நீ ரத்து என்று அழுத்து, அவர் அடுத்த நொடி எடுப்பார். நான் இரண்டு பேரோடும் லைனில் இருப்பேன். நித்திரையாகிவிடாதே, தங்கச்சியிடமும் சொல்லிவைக்கிறேன்.

பெரிய ஹோட்டலில் சாவியை மட்டும் கைமாற்றுகிற கதை வேண்டாம். அண்ணன் மேனேஜரோடு கதைத்துவிட்டார். மூன்று பேருடைய பெயரும் முதலே பதிவில் ஏறவேண்டும், மூன்றாவது ஆளுக்கு ஒரு மெத்தை தனிக் காசுக்குத் தருவார்கள். அந்த மெத்தையில் நான் படுக்கிறேன், கட்டில் இரண்டும் உங்களுக்கு.

காசு விஷயம் ஒன்று. ரவியிடம் அவன் பங்கு என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறேன், அது உண்மையில் மூன்றில் ஒன்று இல்லை. மிச்சத்தை நீயும் நானும் பார்த்துக்கொள்வோம். அவன் உன்னிடம் நேரே கணக்குக் கேட்டால் என்னைக் கேட்கச் சொல். மானஸ்தன், தெரிந்தால் வரமாட்டான்.

நாங்கள் இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், அடுத்த நாள் கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு விமானம். அங்கிருந்து கரூர் வழியாக ஈரோட்டுக்கு ரயில். நீ சென்னையில் இறங்குவதென்றால் இறங்கு, ஆனால் வெள்ளி பின்னேரத்துக்குள் வந்துவிடு. பதிவு மூன்று பாஸ்போர்ட்டையும் ஒன்றாக வைத்தால்தான் கெதியாக முடியும் என்கிறார் அண்ணன். அவருக்கு இங்கிருந்து என்ன கொண்டுபோவது? மனைவி கஜு என்கிறாள், ரவி தொதல் என்கிறான். நீயும் ஒரு வார்த்தை சொல்.

பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தையும், விசா வந்ததும் அதையும் எனக்கு அனுப்பு. வெளிச்சத்தில் வைத்து, நாலு மூலையும் தெரிய எடு. போன முறை அனுப்பியதில் உன் கட்டைவிரல்தான் வடிவாக விழுந்திருந்தது.

அன்புடன்,
டேவிட்