கோத்தகிரியில் கோட்டை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ஊர்ப்பெயர்கள் குறித்து வெளியான கட்டுரை, கோத்தகிரி என்றால் 'கோட்டை இருந்த கிரி' என்றும், தெலுங்கு நாட்டில் அதே பெயரை வீட்டுப்பெயராக, அதாவது குடும்பப்பெயராகக், கொண்டவர்களின் முன்னோர் எங்கள் ஊரிலிருந்து போயிருக்கலாம் என்றும் கூறுகிறது. இரண்டும் பொருந்தவில்லை.

எங்கள் ஊர்ப்பெயரில் கோட்டையும் இல்லை, மலையும் இல்லை. நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர் வாழும் கேரி என்பதே அதன் பொருள். கன்னடத்தில் தெருவைக் குறிக்கும் கேரி, நம் சேரியின் உடன்பிறப்பு. நாம் செவி என்பதை அவர்கள் கிவி என்பது போலத்தான் இதுவும். 'நீலகிரி' என்று சொல்லிப் பழகிய நாவில் கேரி கிரியாகத் திரிந்ததில் வியப்பில்லை. இரும்பு வேலை, மட்பாண்டம், மரவேலை, இசை என்று இம்மலையின் பிற மக்களான படகர், தொதவர் ஊர்களுக்கு வேண்டியதையெல்லாம் செய்து கொடுத்த கோத்தர்களுக்கு இங்கே ஏழு ஊர்கள் உண்டு. அவற்றைக் கோக்கால் என்பார்கள். கோத்தகிரி, கீழ்க்கோத்தகிரி, குந்தா கோத்தகிரி ஆகிய மூன்று இடங்களிலும் கோக்கால் இருப்பதைக் கட்டுரையாளர் கவனித்திருந்தால் கோட்டையைத் தேடியிருக்க மாட்டார்.

தெலுங்கர் வழக்கில் வீட்டுப்பெயர் முன்னால் வரும். திரைப்பட எடிட்டர் கோடகிரி வெங்கடேஸ்வர ராவ் பெயரில் இருப்பது அதுதான். அவர்களுடைய வீட்டுப்பெயர்களில் பல ஊர்ப்பெயர்களே. அதற்கு நீலகிரி வரை வர வேண்டியதில்லை, நிஜாமாபாத் மாவட்டத்திலேயே அப்பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. தெலுங்கில் கோட்ட என்றால் கோட்டை; ஆகவே கட்டுரையாளரின் விளக்கம் அங்கே வேண்டுமானால் எடுபடும்.

குழப்பத்துக்குக் காரணம் ஆங்கில எழுத்து. சென்ற கோடையில் மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில், ஹைதராபாத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் தம் ஆதார் அட்டையையும் பேருந்தின் பெயர்ப்பலகையையும் மாறி மாறிக் காட்டி, "என் பேரு, உங்க ஊரு" என்று சிரித்தார். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை. ஆனால் அவர் வாய்விட்டுச் சொன்னபோது டகரம் அழுத்தமாக ஒலித்தது. பக்கத்தில் நின்ற நடத்துநர் "கோத்தகிரி, கோத்தகிரி" என்று கூவியதில் இருந்ததோ தகரம்.

அடுத்த இணைப்பில் உரிய திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோத்தகிரி.