டோல்கீனின் சிறிய நூல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஜே. ஆர். ஆர். டோல்கீன் என்றாலே 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மட்டும் பேசப்படுவது வருத்தமளிக்கிறது. 1945இல் வெளியான 'லீஃப் பை நிகில்' சிறுகதையில், ஒரு மரத்தை வரைந்து முடிக்குமுன் தவிர்க்க முடியாத பயணத்துக்கு அழைக்கப்படும் ஓவியனின் தவிப்பை, அப்பெரும் நாவலை முடிக்கப் போராடிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே அவர் எழுதினார் என்பதை அறிந்து படிப்பவருக்கு அக்கதையின் ஆழம் புலப்படும். என்னைப் பொறுத்தவரை அவருடைய சிறுகதைகளில் அதுவே தலைசிறந்தது. கடற்கரையில் பொம்மை நாயைத் தொலைத்த மகனைத் தேற்றுவதற்காகப் புனைந்த 'ரோவரண்டம்', அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து 1998இல்தான் அச்சேறியது. இவற்றைச் சேகரிக்க விரும்புவோர் 'டேல்ஸ் ஃப்ரம் தி பெரிலஸ் ரெல்ம்' தொகுப்பின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பைத் தேடுவது நல்லது. 1997ஆம் ஆண்டுப் பதிப்பில் 'ரோவரண்டம்' இல்லை. இத்தகைய நூல்களுக்கும் தங்கள் மதிப்புரைப் பகுதியில் இடமளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்