ஒரே நோய்க் குறியீட்டைக் காட்டி நிராகரிக்கப்பட்ட சத்திரசிகிச்சைக் கோரிக்கை

ஹட்டன்

முகாமையாளர்,
மருத்துவக் காப்புறுதிக் கோரிக்கைப் பிரிவு.

ஐயா,

எனது காப்புறுதியில் தங்கிவாழ்பவராகப் பதிவாகியுள்ள என் தந்தையாருக்குக் கண்டியிலுள்ள தனியார் வைத்தியசாலையொன்றில் செய்யப்பட்ட கவட்டுக் குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்கான கொடுப்பனவை, ஏற்கெனவே தீர்க்கப்பட்ட கோரிக்கை என்று கூறித் தங்கள் பிரிவு நிராகரித்திருப்பதை ஆட்சேபித்து இதனை எழுதுகிறேன்.

தாங்கள் காட்டும் காரணம் ஒன்றே. 2023இல் கொடுப்பனவு பெற்ற சத்திரசிகிச்சைக்கும் நோய்க் குறியீடு கே 40.9, இப்போதையதற்கும் கே 40.9. ஆனால் அன்று செய்தது இடப்பக்கம், இம்முறை வலப்பக்கம். காலமெல்லாம் கொழுந்து மூட்டை தூக்கிய உடம்பில் இரண்டு பக்கமும் தளர்வது புதுமையல்ல. இக்குறியீடுகளை வகுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 எனும் நோய் வகைப்பாட்டில் கே 40 என்பது கவட்டுக் குடலிறக்கம் முழுவதற்கும் பொது. புள்ளிக்குப் பின்வரும் இலக்கம் ஒரு பக்கமா இரு பக்கமா, அடைப்பு உண்டா, அழுகல் உண்டா என்பவற்றை மட்டுமே சொல்லும். வலமா இடமா என்று சொல்ல அதில் இலக்கமே கிடையாது. இரண்டும் ஒரே வேளையில், அடைப்போ அழுகலோ இன்றிக் கண்டறியப்பட்டிருந்தால் கே 40.2 ஆகியிருக்கும், ஒன்று குணமாகி நாட்பட்டு மற்றது வந்ததால் இருமுறையும் கே 40.9 என எழுதுவதே முறை. அமெரிக்காவில் வழங்கும் திருத்திய வடிவம்கூட, மீண்டும் வந்த குடலிறக்கத்தைப் பிரித்துக் காட்ட ஓர் இலக்கத்தைக் கூட்டுகிறதே தவிர, பக்கத்தைக் காட்டுவதில்லை.

பக்கத்தை அறிய நோய் நிர்ணய அட்டையைத்தான் பார்க்க வேண்டும். அதன் பிரதியைக் கோரிக்கைப் படிவத்தோடு இணைத்தே கொடுத்திருந்தேன். 'வலப்பக்கம்' என்பதை எழுதிய சத்திரசிகிச்சை நிபுணர் அதன்கீழ் நீல மையால் கோடும் இழுத்திருக்கிறார். கணினியில் இரு குறியீடுகளும் ஒத்திருக்கக் கண்டவர் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதனினும் வருத்தம் தருவது, தொலைபேசியில் பேசிய தங்கள் உத்தியோகத்தர், வேறு குறியீடு எழுதி வாங்கி வருமாறு கூறியதாகும். சரியாக இருக்கும் குறியீட்டை மாற்றினால் அதுவல்லவா பொய்ப் பத்திரம்?

ஆகவே, இரண்டு அட்டைகளையும் தங்கள் வைத்திய ஆலோசகரிடம் காட்டி, கோரிக்கையை மீளத் திறந்து கொடுப்பனவை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதாயின், ஒப்பந்தத்தின் எந்த வாசகத்தின்படி மறுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் தரவும். காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிட அக்கடிதம் எனக்குத் தேவைப்படும்.

இங்ஙனம்,
காப்புறுதிதாரர்

இணைப்பு: இரு சத்திரசிகிச்சைகளினதும் நோய் நிர்ணய அட்டைப் பிரதிகள்