ஒளிவிழாவைக் காலையில் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நவம்பர் பிறந்தால் திருகோணமலையின் கத்தோலிக்க, மெதடிஸ்த பாடசாலைகளில் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் ஒளிவிழாப் பேச்சு எழுந்துவிடும். சைவப் பிள்ளை இடையனாக வரும், முஸ்லிம் பிள்ளை கரோல் குழுவில் நிற்கும் மேடை அது. இல்ல விளையாட்டுப் போட்டியை விட்டால் எல்லா வீட்டாரும் ஒன்றாக வந்து உட்காரும் நாளும் அதுதான். ஆனால் மாலை நான்கு மணி என்று அழைப்பிதழில் அச்சான விழா ஐந்தரைக்குத் தொடங்கி இரவு ஒன்பதுக்கு முடிகிறது. சம்மனசு (வானதூதர்) உடுப்போடு இரண்டரைக்கே வந்து குந்தியிருந்த தரம் ஒன்றுப் பிள்ளை, தன் பாட்டு வரும்போது அம்மாவின் மடியில் உறங்கிவிடுகிறது. எந்த ஒரு பாடசாலையையும் சுட்டி இதை எழுதவில்லை. இந்த ஆண்டு விழாவைக் காலை எட்டரைக்குத் தொடங்கி, கூரைக்குக் கீழே, ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்துவிடும்படி அதிபர்களையும் பெற்றோரையும் கேட்கவே இக்கடிதம்.

முதற் காரணம் மழை. நவம்பரும் டிசெம்பரும்தான் நமக்கு அடைமழை மாதங்கள். 1964 டிசெம்பர் 22இல் அடித்த சூறாவளி நம் கரையில்தான் ஏறியது. 2020 டிசெம்பர் 2ஆந் திகதி இரவு புரெவிச் சூறாவளி ஏறியதும் திரியாய், குச்சவெளிப் பக்கத்தால்தான். அதே கிழமைகளில் மைதானத்தில் தறப்பாள் பந்தல் போடுகிறோம். தறப்பாள் தொய்ந்து ஒரு மீற்றர் நீள அகலத்தில் பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது நூறு கிலோ. கமுகஞ் சிலாகை அதைத் தாங்காது. பொழுதும் ஆறு மணிக்கு முன்னரே சாய்ந்துவிடும். நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கத்துப் பிள்ளைகள் அதற்குப் பிறகு நனைந்த உடுப்போடு பஸ்ஸைத் தேடி நிற்க வேண்டும்.

வேலைக்குப் போகும் பெற்றோர் காலையில் வரமாட்டார்கள் என்பார்கள். சனிக்கிழமையைத் தெரிவுசெய்து ஒரு மாதத்துக்கு முன்னரே அறிவித்தால் வருவார்கள். ரியூசன் வகுப்புகளும் அந்த ஒரு நாளை மாற்றிக்கொள்ளும். அண்மைய ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சை நவம்பர், டிசெம்பரில் நடப்பதால் பெரிய மண்டபம் சுட்டிலக்கம் ஒட்டிய மேசைகளோடு பூட்டிக் கிடக்கலாம். அப்படியானால் ஆரம்பப் பிரிவு மண்டபமோ பங்கு மண்டபமோ போதும். ஒளிவிழா என்றால் இருட்ட வேண்டாமா என்ற கேள்விக்கும் வழி இருக்கிறது. யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் இழுத்து மூடினால் இருட்டு வந்துவிடும்.

பாட்டுக்கு வருவோம். எட்டுக் கரோல்களை அரைகுறையாகப் பாடுவதைவிட ஐந்தைத் திருத்தமாகப் பாடலாம். ஆறு கிழமை, கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இருபத்தைந்து நிமிடம் பழக்கினால் கொப்பியைப் பார்க்காமலே பாடுவார்கள். அதிகம் பிழைக்கும் இடம் சுருதி. பெரியவர்களுக்கென்று எடுத்த கரோக்கே என்ற பின்னணி இசையைப் போட்டால், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கீழ்ச்சுரம் காற்றாகிப் போகும், மேற்சுரம் கத்தலாகும். அந்த வயதுக் குரல் கீபோட்டின் நடு 'சி'யிலிருந்து அடுத்த 'டி' வரை சுகமாக ஓடும். பாட்டின் மிக உயர்ந்த வரியைக் குழுவிலேயே மெல்லிய குரலுள்ள பிள்ளையிடம் தனியே பாடச் சொல்லுங்கள். கழுத்து நரம்பு புடைத்தால் கீபோட்டில் சுருதி மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒன்றிரண்டு இறக்குங்கள். “சத்தமாப் பாடுங்கோ பிள்ளையள்” என்று ஓயாமல் சொல்வதால்தான் விழாவன்று பாதிக் குழுவுக்குத் தொண்டை கட்டுகிறது. வாயை நன்றாகத் திறக்கச் சொன்னாலே சத்தம் தானாக வரும்.

மேல்நாட்டு மெட்டுக்கு எழுதிய சொற்களையும் ஒருமுறை பாடிப் பார்க்க வேண்டும். நீண்டு ஒலிக்கும் சுரத்தில் குறில் விழுந்தால் சொல் கெட்டுவிடும். 'பாலன்' நீட்டலுக்குப் பொருந்தும். 'குழந்தை'யை அங்கே வைத்தால் 'கூழந்தை' ஆகும், பிள்ளைகளும் அப்படியே பாடுவார்கள்.

நாற்பது பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு மைக் போதும். முன்வரிசைக்கு மூன்றடி தள்ளி, ஒன்றுக்கொன்று ஒன்பதடி இடைவெளியில், பிள்ளைகளின் தலைக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். நெருக்கி வைத்தால் ஒரே குரல் இரண்டிலும் ஏறி மழுங்கிப் போகும். ஸ்பீக்கர் பெட்டிகள் மைக்கை விடச் சபைப் பக்கமாக முன்னால் இருக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் இருந்தால் அந்தச் சத்தமே மைக்குக்குள் திரும்பப் புகுந்து கீச்சிடும். உடனே ஒலிபரப்புக்காரர் எல்லாவற்றையும் குறைப்பார், தனிப்பாட்டுப் பாடும் பிள்ளையின் குரல் யாருக்கும் கேட்காது. மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும் அதே கீச்சுத்தான்.

இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தைக் காட்டும் பாலன் குடிலைப் பிள்ளைகளே செய்யட்டும். அசிசியாரான புனித பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோ ஊரில் உண்மையான மாட்டையும் கழுதையையும் வைத்துத்தான் குடில் அமைத்தார். கடையில் வாங்கிய ரெஜிபோம் குடிலில் பிள்ளைகளுக்குச் செய்ய எதுவும் இல்லை. குடிலின் மலைக்குச் சிமெந்துப் பை போதும். தூசைத் தட்டி, உட்தாளை மட்டும் உரித்தெடுத்துக் கசக்கி, ஒரு பங்கு கோதுமை மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் காய்ச்சிய பசையில் தோய்த்து, கம்புச் சட்டத்தின் மேல் போர்த்த வேண்டும். மழைக்காலத்தில் அது காய ஐந்தாறு நாள் எடுக்கும். விழாவுக்கு முதல்நாள் போர்த்தி, ஈரத்தோடு வர்ணம் பூசினால் மறுநாள் புளித்த மணமும் அடுத்த கிழமை பூஞ்சணமும் வரும். ஆகவே இரண்டு கிழமைக்கு முன்னரே தொடங்குங்கள். பசும்புல்லுக்கு நெல் இருக்கிறது. ஓர் இரவும் பகலும் ஊறவைத்து, ஈரச் சாக்கில் கட்டி முளைவிட்ட பின், அடியில் துளையிட்ட தட்டுகளில் அரை அங்குல மண்ணில் நெருக்கமாகத் தூவினால் பத்தாம் நாள் மூன்று நான்கு அங்குலம் நிற்கும். துளையில்லாத தட்டில் தண்ணீர் தேங்கி வேர் அழுகி மஞ்சளாகும். இருட்டு மூலையில் வைத்தாலும் வெளிறிச் சாய்ந்துவிடும். தரம் ஐந்து வகுப்பொன்று தன் தட்டைத் தானே பார்த்து வளர்த்தால், மேடையில் ஏறாத பிள்ளைக்கும் அந்த விழாவில் ஒரு பங்கு கிடைக்கும்.

நாடகத்துக்கு உடுப்பு வாங்கச் சொல்லாதீர்கள். இடையருக்கு அப்பாவின் சாரமும் தலையில் கட்டத் துவாயும் போதும். சம்மனசின் இறக்கையைக் கம்பியில் செய்தால் முனை பக்கத்துப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே வரும். காட்போட் மட்டையில், தோளுக்கு வெளியே நான்கு விரல் மட்டும் நீட்டி வெட்டி, முதுகில் எட்டு வடிவில் இலாஸ்ரிக் நாடா போட்டுக் கட்டுங்கள். பாலனைக் காண வந்த ஞானிகள் மூவர் என்று மத்தேயு தன் நற்செய்தியில் எங்கும் எழுதவில்லை, காணிக்கைதான் மூன்று. ஆசைப்படும் பிள்ளைகள் ஐவர் என்றால் ஐவரும் போகட்டும்.

மெழுகுதிரியைச் சிறு பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம். சம்மனசு உடுப்பின் நெற் (வலை) துணி பொலியெஸ்ரர். தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பற்றரி விளக்கு இப்போது மலிவு. பெரிய பிள்ளைகள் மெழுகுதிரி ஏந்துவதானால் ஒருவருக்கொருவர் கை நீட்டும் தூரம் நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் மணல் வாளியோடு ஆசிரியர்கள் நிற்க வேண்டும். குடிலின் வைக்கோலுக்குள் பழைய சூடேறும் மின்குமிழ்ச் சரங்களைச் செருகாதீர்கள்.

வெளி முற்றத்துச் சோடினை விளக்குகளை மண்டபத்தின் பிளக்கிலிருந்தே இழுப்பதும் வழமையாகிவிட்டது. வெளியே இன்சுலேசன் ரேப் சுற்றிய வயர் மூட்டில் மழைநீர் இறங்கினால் மின் கசிந்து ட்ரிப் சுவிச் விழும். முற்றத்து விளக்கோடு மைக்கும் மேடையும் சேர்ந்து அணையும். அது விழுவது உயிரைக் காக்கத்தான். எரிச்சலில் அதைக் கட்டி வைப்பதோ, தாண்டி வயர் கொடுப்பதோ கூடவே கூடாது. முற்றத்துக்குத் தனி ட்ரிப் சுவிச்சுடன் தனி இணைப்பை மின் தொழிலாளர் ஒருவரைக் கொண்டு எடுங்கள். காலையில் விழா வைத்தால் அந்தச் சோடினையில் பாதி தேவைப்படாது.

நேரம் போவது பேச்சுகளில்தான். வரவேற்புரை, ஆசியுரை, அதிபர் உரை, சிறப்பு விருந்தினர், பிரதம விருந்தினர், பொன்னாடை, நன்றியுரை என்று ஒரு மணித்தியாலம் கரைகிறது. அருட்தந்தையோ போதகரோ ஐந்து நிமிடம், பிரதம விருந்தினர் ஐந்து நிமிடம் போதும். விருந்தினர் பிந்தினாலும் குறித்த நேரத்தில் மன்றாட்டுடன் தொடங்கிவிடலாம். அவர் கரோலின் நடுவே வந்து அமர்ந்தால் யாருக்கும் மரியாதை குறையாது. சின்ன வகுப்புகளை இரண்டாம் நிகழ்ச்சியாக மேடையேற்றி, உடுப்பு மாற்றி வகுப்பாசிரியரோடு அமர்த்திவிட்டு, கடைசிக் கரோலுக்கு மட்டும் இருந்த இடத்திலேயே எழும்பிப் பாடச் சொல்லுங்கள். பெற்றோரும் கடைசிவரை இருப்பார்கள்.

நத்தார் தாத்தா மேடையிலிருந்து ரொபியை எறிவதை நிறுத்த வேண்டும். குனிந்து பொறுக்கும் சின்னப் பிள்ளைகளின் கையைப் பெரியவர்கள் மிதிக்கிறார்கள். வகுப்பு வகுப்பாகக் கையில் கொடுக்கட்டும். கேக்கும் பற்றிஸும் விழா முடிந்து வெளியேறும் வாசலில். பாட முன்னர் குளிர்பானம் வேண்டாம்.

விழாவில் சேரும் காணிக்கையை முதியோர் இல்லங்களுக்குக் கொண்டுபோகும் நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் எல்லோரும் நத்தார்க் கிழமையிலேயே போகிறோம். நீரிழிவுள்ளவர்கள் முன்னால் கேக்கும் பிஸ்கட் பெட்டிகளும் குவிகின்றன, ஜனவரியில் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஞானிகள் வந்ததை நினைவுகூரும் ஜனவரி 6ஐ ஒட்டிப் போகலாம். பழக்கிய ஐந்து கரோலும் அப்போதும் பிள்ளைகளின் வாயில் இருக்கும். போவதற்கு முன் அங்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: சவர்க்காரம், பெரியவர்களுக்கான பம்பர்ஸ், படுக்கை விரிப்பு, வழுக்காத செருப்பு. செருப்பானால் அளவையும் கேளுங்கள்.

இப்படிக்கு,
பாடசாலைக் கரோல் குழுவொன்றின் பொறுப்பாசிரியர்கள்,
திருகோணமலை.