‘தி ஃபேமிலி மேன்’ குழுவினருக்கு, வேதாரண்யம் கரையிலிருந்து

இயக்குநர்கள் ராஜ், டிகே மற்றும் எழுத்துக் குழுவினருக்கு,

வணக்கம். 2021 ஜூனில் உங்கள் உளவுத் தொடரின் இரண்டாம் சீசன் வந்தபோது எங்கள் பக்கம் கோபம் கிளம்பியது உங்களுக்குத் தெரியும். ஈழப் போராளி ராஜியாக நடித்த சமந்தாவின் முகத்தில் பூசிய கருமை எனக்கு இன்றும் உறுத்துகிறது. கருத்த நடிகைக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமா? ஆனாலும் தமிழர்களைத் தமிழிலேயே பேசவிட்டீர்கள். தமிழ்நாட்டுப் போலீஸ் அதிகாரி உமையாளை, கதாநாயகனான உளவு அதிகாரி ஸ்ரீகாந்துக்குச் சரிசமமாக நிறுத்தினீர்கள். அந்த நன்றியோடுதான் இந்தக் கோரிக்கை.

அந்த சீசனில் வந்த ஓய்வுபெற்ற உளவு அதிகாரி செல்லம் சாரை ஏன் ஊரே கொண்டாடியது? பழைய சங்கதிகளை ஞாபகம் வைத்திருந்தார், கேட்டவுடன் முடிச்சுகளைக் கோர்த்துச் சொன்னார். அதுதான் உளவுப் பகுப்பாய்வு. அந்த மாதிரி ஞாபகம் ஆற்காட்டுத்துறை, கோடியக்கரை என்று எங்கள் மீனவ ஊர்களில் கொட்டிக் கிடக்கிறது.

1991 மே தொடக்கத்தில் ராஜீவ் காந்தி கொலைக் குழு படகில் வந்து இறங்கியது கோடியக்கரையில்தான். அதன்பிறகு கதைகளில் எங்கள் கரை என்றாலே கடத்தல், கள்ளத்தோணி, சந்தேகப் பார்வை. ஆனால் 2008 மும்பைத் தாக்குதலில் முதலில் செத்தவர்களே மீனவர்கள்தான். ‘குபேர்’ என்ற குஜராத் படகைக் கைப்பற்றி, அதை ஓட்டிய அமர்சிங் சோலங்கியையும் தீவிரவாதிகள் கொன்றார்கள். கடற்கரைக் காவலில் மீனவனைக் கண்ணும் காதுமாகச் சேர்க்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் அரசு அழுத்திச் சொல்ல ஆரம்பித்தது. சந்தேகமான ஆட்களைப் பற்றித் தகவல் சொல்ல, கடலோரக் காவல் குழுமத்தின் 1093 தொலைபேசி எண்ணும் எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

சாகர் கவாச் என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையில் போலீசாரே தீவிரவாதி வேடத்தில் படகில் வருவார்கள். அவர்களை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பதிவு எண்ணை யாரும் எழுதிக்கொண்டு வந்துவிடலாம். எங்கள் ஆள் பார்ப்பது வேறு. வலை ஈரமாக இருக்கிறதா, ஐஸ் பெட்டி இருக்கிறதா, மீன் இல்லாமலே படகு ஏன் இவ்வளவு அமிழ்ந்து வருகிறது, வாடைக்காற்று அடிக்கும் நாளில் இந்தத் திசையிலிருந்து இந்நேரத்துக்கு ஒருவன் ஏன் கரை சேர்கிறான். எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் இதெல்லாம் தெரியாது.

மூன்றாம் சீசனுக்கு வடகிழக்குக்குப் போனீர்கள். அடுத்து டெல்டா பக்கம் வாருங்கள். 1093-க்கு ஒரு மீனவர் அழைக்கட்டும். அவர் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று அதிகாரிகள் திணறட்டும். அவருடைய வசனத்தை மட்டும் இந்தக் கரை ஆட்களை உட்காரவைத்து எழுதுங்கள். சென்னைத் தமிழ் ஒட்டாது. மறுமுனையில் உமையாள் இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வேதாரண்யத்து ரசிகன்