வாசகர் மன்றச் செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் தவறாமல் நடந்தன. முகூர்த்த மாதங்களில் ஆள் குறைவு, வழக்கம்போல. நூலகத்துக்கு ஒரு பீரோ வாங்கினோம். பொங்கல் பேச்சுப் போட்டியில் நடந்த மைக் செட் தகராறு எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, நம் பஞ்சாயத்து பாலியேட்டிவ் (வலிநிவாரணப் பராமரிப்பு) பிரிவுக்கு நிதி சேர்ப்பதற்காகக் கொண்டுவந்த சிறுகதைத் தொகுப்பு. கேரள அரசு 2008இல் வலிநிவாரணப் பராமரிப்புக்கென்று ஒரு கொள்கையை அறிவித்தது. அதன் பிறகு பஞ்சாயத்துகள் பொறுப்பேற்று, படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடு தேடி நர்ஸ் வருகிற ஏற்பாடு பரவியது. நம் உறுப்பினர்களில் பலர் வீட்டுப் பெரியவர்களை அந்த நர்ஸ்தான் பார்த்துக்கொண்டார். அதனால் யாருக்காகப் புத்தகம் போடுவது என்பதில் கருத்து வேறுபாடே வரவில்லை.

புத்தகம் எதற்கு என்பதில் வந்தது. "உண்டியல் குலுக்கினாலே இதைவிட அதிகம் வருமே தம்பி" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். வரலாம்தான். ஆனால் நாம் வாசகர்கள் கூடி நடத்தும் மன்றம், நமக்குக் கைவந்தது புத்தகம் என்று குழு முடிவு செய்தது. எழுத்தாளர்களிடம் சன்மானம் இல்லாமல் கதை கேட்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். தென்னாப்பிரிக்க எழுத்தாளர் நதீன் கார்டிமர் 2004இல் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக இப்படித்தான் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். மார்க்கேஸ், அசெபே உட்பட 21 பேரின் கதைகள், யாரும் பணம் வாங்கவில்லை. நாமும் கேட்டோம். பதிப்புரிமை எழுத்தாளரிடமே இருக்கும், இந்த ஒரு பதிப்புக்கு மட்டும் அனுமதி என்று கடிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.

வந்த கதைகளில் பாதி ஆஸ்பத்திரிக் கதைகள். நல்ல காரியத்துக்கு என்றதும் எல்லோரும் அழவைக்க உட்கார்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது. தென்னந்தோப்புக் கதை, கள்ளுக்கடைக் கதை, எல்லை தாண்டி பொள்ளாச்சி சந்தைக்குப் போகிற கதை என்று 12 தேர்ந்தெடுத்தோம். தேர்வாகாதவர்களில் சிலருக்கு வருத்தம். இரக்கத்துக்காக வாங்குகிறவர் ஒரு பிரதி வாங்குவார். கதை பிடித்தால்தான் பக்கத்து வீட்டுக்காரரையும் வாங்கச் சொல்வார். நன்கொடைப் புத்தகம்தானே என்று கதையில் சலுகை காட்ட முடியாது.

கோவையில் அச்சிட்டோம். ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம், 144 பக்கம் என்றால் 9 ஃபாரம். லேஅவுட் முடிந்தபோது நாலு பக்கம் கூடிவிட்டது. அதற்கு அரை ஃபாரமாவது சேர்க்க வேண்டும் என்றார் அச்சகத்துக்காரர். கதையைக் குறைக்க எந்த எழுத்தாளரும் சம்மதிக்கவில்லை. அப்புறம் பார்த்தால், ஐந்து பக்கத்துக்கு வாழ்த்துரைகள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டோம். வாழ்த்தியவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, ஒருவரைத் தவிர.

அடுத்தது பணம். 400 பிரதிகள், விலை ரூ.150. பிரதிக்கு ரூ.70 வீதம் அச்சுச் செலவு ரூ.28,000. இதை முன்கூட்டியே ஆறு நன்கொடையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் 80ஜி சான்று நமக்குக் கிடையாது, அதனால் அவர்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை. இருந்தும் கொடுத்தார்கள். இது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். கடைகள் 35 சதவீதம் கழிவு எடுக்கின்றன. அது ரூ.52.50. அச்சுச் செலவும் போனால் பிரதிக்கு மிஞ்சுவது ரூ.27.50. அதற்கு மூத்தவர் சொன்ன உண்டியலே மேல். அதனால்தான் "வருமானத்தில் ஒரு பகுதி" என்று பொதுவாகப் போடாமல், "விற்பனையில் மன்றத்துக்கு வரும் பணம் முழுவதும் பாலியேட்டிவ் பிரிவுக்கு" என்று இரண்டாம் பக்கத்திலேயே அச்சிட்டோம்.

நேரடியாக 260 பிரதிகள் விற்றன. அதில் 60, வண்ணாமடைக் கல்யாணம் ஒன்றில் தாம்பூலப் பையில் தேங்காயோடு போட்டுக் கொடுக்கப்பட்டவை. கடைகள் மூலம் 40. ஆக மொத்தம் ரூ.42,900. வெளியூருக்கு அனுப்புவதுதான் பாடு. புத்தகங்களுக்கென்று இருந்த மலிவான பதிவு அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். கூரியருக்கு மாறினோம். நம் சித்தூருக்கு வர வேண்டிய ஒரு கட்டு ஆந்திரச் சித்தூருக்குப் போய்ச் சுற்றி வந்தது. அனுப்பும் செலவைக் குழு உறுப்பினர்களே பகிர்ந்துகொண்டார்கள்.

ரூ.42,900க்கும் வீல்சேர்களாக வாங்கி, பேனர் கட்டிக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நர்ஸிடம் கேட்டோம். "வீல்சேர் இருக்குதுங்க. ஏர் பெட் கரண்ட் போனா தளர்ந்துருது, முதுகுல புண்ணு வந்துரும். கரண்ட் அடிக்கடி போற வீட்டுக்கு வாட்டர் பெட் குடுங்க. அப்புறம் டயப்பர், அது எப்பவுமே பத்தாது" என்றார். பிரிவின் கணக்கில் காசோலையாகச் செலுத்தினோம். எதை வாங்குவது என்பதை அவர்களிடமே விட்டோம். போட்டோ எடுக்கவில்லை என்று சிலருக்குக் குறை. ரசீது கோப்பில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

எழுத்தாளர்களுக்கு ஆளுக்கு 2 பிரதி கொடுத்ததுபோக, 76 பிரதிகள் புது பீரோவில் இருக்கின்றன. வீட்டில் கல்யாணம், காதுகுத்து வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் பெயர் கொடுக்கவும். இரண்டாவது தொகுப்பு வேண்டுமா என்பதை இன்று பேசி முடிவு செய்யலாம். வேண்டும் என்றால், அச்சுச் செலவுக்கு ஆள் கிடைத்த பிறகுதான் கதை கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்